மாலத்தீவு சொகுசு ரிசார்ட்: சாப்பாடும் உபசரிப்பும் உண்மையில் எப்படி?

நெய்தல்வாசி

மாலத்தீவு போய் வந்தவர்கள் எழுதுவதைத் தேடிப் படித்தால் பெரும்பாலும் வில்லாவைப் பற்றித்தான் இருக்கிறது. கண்ணாடித் தரை, கடலுக்குள் இறங்கும் படிக்கட்டு, தண்ணீருக்கு மேல் கட்டிய வலைத்தொட்டில், அவ்வளவுதான். சாப்பாடு, பரிமாறுகிறவர்கள், கடைசியில் வரும் பில் இதைப் பற்றியெல்லாம் விரிவாக எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அந்த நாட்டில் வேரூன்றிய ஏற்பாடு, 1972-ல் குரும்பா ரிசார்ட் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். மற்ற ஊர்களில் ஓட்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தெருமுனைக் கடைக்குப் போய்விடலாம். இங்கே தெருவே கிடையாது. மூன்று வேளையும் அவர்கள் போடுவதுதான், அவர்கள் வைக்கும் விலைதான்.

நானும் கணவரும் மகளும் பா அடோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு தீவில் தங்கினோம். அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. காலை உணவு மிக நன்றாக இருந்தது. எங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டவர் வங்கதேசத்துத் தம்பி, தங்கியிருந்த நாள் முழுக்க அவரேதான். முதல் நாள் மகள் பப்பாளியை ஒதுக்கிவிட்டுத் தர்பூசணியை மட்டும் சாப்பிட்டதைக் கவனித்திருக்கிறார், மறுநாள் நாங்கள் உட்காரும் முன்பே தர்பூசணித் தட்டு மேஜையில் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததாகத் தெரியவில்லை. வில்லாவை நாங்கள் வெளியே போகும் நேரம் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு முறை சுத்தம் செய்தார்கள், ஒரு முறைகூட கதவைத் தட்டித் தொந்தரவு செய்யவில்லை.

இப்போது குறை. நாங்கள் எடுத்தது ஹாஃப் போர்டு, அதாவது காலையும் இரவும். புக் செய்தபோது வந்த மெயிலில் தீவில் உள்ள எல்லா உணவகங்களிலும் சாப்பிடலாம் என்று இருந்தது. இரவு ஜப்பானிய உணவகத்தில் போய் உட்கார்ந்து மெனுவை வாங்கிய பிறகுதான் சொல்கிறார்கள், இங்கே ஒரு ஆளுக்கு இவ்வளவு டாலர் வரைதான் கழியும், அதற்கு மேல் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று. அந்தத் தொகைக்கு ஒரு சூப்பும் ஒரு தட்டு மீனும்தான் வரும். ரிசப்ஷனில் கேட்டால் அது உங்கள் ஏஜென்ட் சொன்னது என்கிறார்கள், ஏஜென்ட்டைக் கேட்டால் ரிசார்ட் கொடுத்ததைத்தான் அனுப்பினேன் என்கிறார். இவ்வளவு விலை வாங்கும் இடத்தில் விருந்தாளியை மேஜையில் உட்கார வைத்துக் கணக்குப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மகள் வேறு எதிரில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பஃபேயில் இன்னொன்று. இந்தியப் பகுதி என்று தனியாக வைத்திருந்தார்கள், கோழி, மீன், பனீர் மூன்றுக்கும் ஒரே குழம்புதான். ஆனால் பக்கத்திலேயே அடுப்பில் சுட்டுக் கொடுத்த சூரை மீன் அவ்வளவு ருசி, உப்பும் எலுமிச்சையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். போகப் போகிறவர்கள் வில்லாவைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் சாப்பாட்டுத் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை

பில் விஷயத்தை நான் சொல்கிறேன், பலர் அங்கேதான் அதிர்ச்சி அடைகிறார்கள்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ஒன்று 10% சர்வீஸ் சார்ஜ். இன்னொன்று சுற்றுலா ஜி.எஸ்.டி., அது 2023 ஜனவரியில் 16% ஆனது, 2025 ஜூலை 1 முதல் 17%. இந்த வரி சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்குத்தான் போடப்படும். ஆக, மெனுவில் 100 டாலர் என்று இருந்தால் 110 ஆகி, அதன் மேல் 17% ஏறி, நீங்கள் கட்டுவது 128 டாலர் 70 சென்ட். எதை ஆர்டர் செய்தாலும் விலையோடு கால் பங்குக்கும் கொஞ்சம் கூடச் சேர்த்து மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பசுமை வரி. ரிசார்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலராக இருந்தது 2025 ஜனவரி முதல் 12 டாலர். பேக்கேஜில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், பல நேரம் சேர்த்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் 31-ம் தேதி இரவும் காலா டின்னர் என்று பெரிய விருந்து வைப்பார்கள், பல ரிசார்ட்டுகளில் அது விருப்பம் அல்ல, கட்டாயம். நீங்கள் அறையிலேயே தூங்கினாலும் அந்தத் தொகை பில்லில் ஏறும்.

ஆல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடும் மதுவும் எல்லாம் சேர்த்த திட்டம், என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். எந்த உணவகம், எந்த மதுவகை, மினிபார் உண்டா, லாப்ஸ்டருக்குத் தனிக் காசா, இது ஒவ்வொரு தீவிலும் வேறு. லாப்ஸ்டர் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

சமையற்கட்டு

நான் தூத்துக்குடிக்காரன். மாலத்தீவில் ஒரு ரிசார்ட் சமையலறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். நெய்தல்வாசி அக்கா சொன்ன ஒரே குழம்பு விஷயத்துக்கும் சுட்ட சூரை மீன் ருசிக்கும் காரணம் ஒன்றுதான், அதைச் சொன்னால் அங்கே என்ன சாப்பிட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

அந்தத் தீவுகள் எல்லாம் பவள மணல். வாழை, தென்னை, கீரை, கொஞ்சம் மிளகாய், பப்பாளி வரும், ரிசார்ட்டுக்குத் தேவையான அளவுக்குக் காய்கறி விளையாது. மீனைத் தவிர அநேகமாக எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. அரிசி, வெங்காயம், முட்டை, பால், இறைச்சி, ஆப்பிள் எல்லாம். எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்தே தோணியில் காய்கறியும் கட்டுமானச் சாமானும் தலைநகர் மாலேவுக்குப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மாலேவில் இறங்கிய சரக்கு அங்கிருந்து சப்ளை போட்டில் தீவுக்கு வரும். நான் இருந்த இடத்தில் தினமும் வராது. தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில், மே முதல் அக்டோபர் வரை என்று வையுங்கள், கடல் மோசமாக இருந்தால் போட் தள்ளிப் போகும். அப்போது முதலில் காலியாவது சாலட் இலைகள், பெர்ரிப் பழங்கள், மூலிகைகள். செஃப் மெனுவைச் சத்தமில்லாமல் மாற்றுவார். சில தீவுகளில் இதற்காகவே மண் இல்லாமல் தண்ணீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் முறையில் இலைகளை வளர்க்கிறார்கள்.

மீன் அப்படி இல்லை. தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை அந்த நாட்டின் பெருமை. மஞ்சள் துடுப்புச் சூரை, சங்கரா, வாஹூ எல்லாம் பக்கத்துத் தீவு மீனவர்களே கொண்டு வந்து தருவார்கள். ஆக, விமானத்தில் வந்த ஆஸ்திரேலிய மாட்டிறைச்சிக்கும் ஐரோப்பியச் சீஸுக்கும் காசைக் கொட்டுவதைவிட, பரிமாறுகிறவரிடம் "இன்றைக்கு என்ன மீன் வந்தது" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் இருக்கும் உணவகம் நல்ல உணவகம். தெரியாமல் முழித்தால் அங்கே சமையலறைக்கும் மேஜைக்கும் பேச்சே இல்லை என்று அர்த்தம்.

ஒரே குழம்பு ஏன் என்றால், பஃபேயில் பத்து நாட்டுச் சாப்பாடும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆனால் அந்தப் பத்துக்கும் தனித்தனி ஆள் வைப்பதில்லை. ஒரு அடிப்படைக் குழம்பைப் பெரிய அளவில் செய்து பிரித்து வைப்பார்கள். இந்திய செஃப் இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். நம் ஊர்ப் பையன் யாராவது நிச்சயம் இருப்பான். ரசம் வேண்டும் என்று ஒரு நாள் முன்னால் கேட்டால் சந்தோஷமாகச் செய்து தருவான், அவனுக்கும் அது ஒரு மாற்றம்.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பஃபேக்கு விடியும் முன்னே எழுந்து, மதியம் கொஞ்சம் இடைவெளி, இரவு மறுபடி நள்ளிரவு வரை நிற்கிற ஸ்ப்ளிட் ஷிஃப்ட் அங்கே சாதாரணம். தங்குவதும் அதே தீவில்தான், செடிகளுக்குப் பின்னால் விருந்தாளி கண்ணில் படாத பகுதியில். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு லீவு. நீங்கள் கட்டும் அந்த 10% சர்வீஸ் சார்ஜ் சட்டப்படி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய பணம். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும் இளைஞர்களுக்கு மாத வருமானத்தில் பெரிய பங்கு அதுதான். சீசன் இல்லாத மாதத்தில் அறைகள் காலியாக இருந்தால் அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் குறையும். அந்தத் தம்பி தர்பூசணி வைத்ததை மேனேஜரிடம் பெயர் சொல்லிச் சொல்லியிருந்தால் நல்லது, இல்லையென்றால் இப்போதாவது ஒரு மெயில் அனுப்புங்கள் அக்கா. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த மாதிரிக் கடிதங்களை எடுத்துப் பார்ப்பார்கள்.

நெய்தல்வாசி

மெயில் இன்றே அனுப்புகிறேன். கிளம்பும்போது பாராட்டுப் படிவத்தில் அவர் பெயரை எழுதினேன், ஆனால் ஒப்பந்தம் விஷயம் எனக்குத் தெரியாது.

டிப்ஸ் பற்றியும் சொல்லுங்கள். பரிமாறுகிறவருக்கு நேரில் கொடுப்பது சரியா, பெட்டியில் போடுவது சரியா?

சமையற்கட்டு

இரண்டும் சரிதான். நேரில் கொடுத்தால் அவருக்குப் போகும், பெட்டியில் போட்டால் பொதுவில் பிரியும். பாத்திரம் கழுவுகிறவர், தோட்டத்தில் இலை கூட்டுகிறவர், சலவைக்காரர் இவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், அவர்களுக்குப் பெட்டி மூலம்தான் ஏதாவது போய்ச் சேரும். சின்ன டாலர் நோட்டுகளாக ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

கறிவேப்பிலை

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. 2021 முதல் 2023 வரை மாலத்தீவுக்கு அதிகம் பேர் போனது இந்தியாவிலிருந்துதான், அதற்குப் பிறகு 2024-ல் எண்ணிக்கை விழுந்தது வேறு கதை. அந்த வருடங்களில் பல ரிசார்ட்டுகள் இந்திய செஃப்களை எடுத்தார்கள், ஜைன உணவு என்று மெனுவிலேயே போட ஆரம்பித்தார்கள். ஆக, சைவம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் எது சைவம் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே எண்ணம் இருக்காது. மாலத்தீவுச் சமையலில் சூரை மீன் எல்லாவற்றிலும் நுழையும். மாலை நேரத்தில் தேநீரோடு வைக்கும் பஜியா, குல்ஹா பார்ப்பதற்கு நம் சமோசா, போண்டா மாதிரியே இருக்கும், உள்ளே மீனும் தேங்காயும். தாய் உணவகத்தில் காய்கறிப் பச்சைக் குழம்பு என்று கொண்டு வந்தார்கள், மீன் சாஸ் இருக்கிறதா என்று கேட்டதும் பரிமாறியவர் போய் விசாரித்துவிட்டு வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். கேட்காமல் இருந்திருந்தால் சாப்பிட்டிருப்போம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நேர்மையாக வந்து சொன்னாரே. அதன் பிறகு செஃப்பே வெளியே வந்து, தங்கியிருக்கும் நாள்கள் முழுக்க எங்களுக்கு வேறு வாணலி, வேறு கரண்டி என்று ஏற்பாடு செய்தார். காலையில் தோசை கேட்டால் கிடைத்தது, சட்னிக்குத் தேங்காய்க்கு அங்கே பஞ்சமா.

என் குறை வேறு. வருவதற்கு முன்னால் ஒரு படிவம் அனுப்பினார்கள், எந்தத் தலையணை வேண்டும் என்பது வரை கேட்டிருந்தார்கள். அதில் சைவம், முட்டை, மீன் கூடாது என்று தெளிவாக எழுதி அனுப்பினோம். போய் இறங்கியதும் வரவேற்பாகக் கையில் கொடுத்த தட்டில் மீன் கட்லெட். படிவம் ரிசர்வேஷன் ஆட்களிடமே நின்றுவிட்டது, சமையலறைக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு உணவகத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தலையணையைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள் இதைச் சமையலறைக்குச் சொல்ல மாட்டார்களா?

வெள்ளவத்தை

நாங்கள் கொழும்பில் இருந்து போனோம், விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். எங்கட ஆட்களுக்கு அங்கத்தைய சாப்பாடு அந்நியமாகவே தெரியாது. மாசி, அதுதான் காய வைத்த சூரை மீன், இல்லாமல் எங்கட வீட்டில் சம்பல் இடிக்க மாட்டினம், அந்த மாசி காலங்காலமாக மாலத்தீவில் இருந்து வருகிற சாமான்தானே.

காலை பஃபேயில் ஒரு மூலையில் மஸ் ஹுனி வைத்திருப்பார்கள், சூரை மீனையும் தேங்காய்ப்பூவையும் வெங்காயம், மிளகாய், தேசிக்காயோடு பிசைந்தது, பக்கத்தில் ரொஷி என்று மெல்லிய ரொட்டி. வெளிநாட்டு ஆட்கள் அதைக் கடந்து குரோசான் பக்கம் போய்விடுவார்கள். தயவுசெய்து அதை ஒருக்கால் சாப்பிட்டுப் பாருங்கள். பரிமாறிய மாலத்தீவுப் பெடியன் நாங்கள் அதை இரண்டாம் தரம் கேட்டதும் முகம் மலர்ந்து போனான், அடுத்த நாள் ஊழியர்களின் சாப்பாட்டறையில் இருந்து கருதியா என்ற மீன் சாறும் சோறும் கொண்டு வந்து தந்தான். மெனுவில் இல்லாத சாமான் அது. அவ்வளவு காசு கொடுத்துச் சாப்பிட்டதில் எதுவும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

இன்னொன்று, நேரம். மாலத்தீவு இந்திய, இலங்கை நேரத்தை விட அரை மணித்தியாலம் பின்னுக்கு. ஆனால் பல ரிசார்ட்டுகள் மாலே நேரத்தை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்து தீவு நேரம் என்று நடத்துவார்கள், வெளிச்சம் கூட நேரம் கிடைக்கட்டும் என்று. இரவுச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்யும்போதும், திரும்பும் விமானத்தைக் கணக்குப் பார்க்கும்போதும் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

பவளப்பாறை

எல்லோரும் சொல்வதைப் படித்தேன், எனக்கு வேறு கருத்து. இவ்வளவு காசு கொடுத்து ஒரு தீவில் அடைபட்டுக் கிடப்பதே தேவையில்லை. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மாஃபுஷி மாதிரித் தீவில் தங்கினால் பத்துப் பதினைந்து உணவகங்களில் எது வேண்டுமோ அதில் சாப்பிடலாம், சுட்ட மீன் ரிசார்ட் விலையில் சிறு பங்குதான். மது கிடைக்காது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை, அது உள்ளூர் மக்களின் ஊர், அதை மதிக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் டே பாஸ் வாங்கி ரிசார்ட்டுக்குப் போய் வரலாம்.

கடலுக்கு அடியில் உள்ள உணவகங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கான்ராட் ரங்காலி ரிசார்ட்டில் உள்ள இதா என்ற உணவகம் 2005-ல் திறந்தது, கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே, ஒரு நேரத்தில் 14 பேர்தான் உட்கார முடியும். பகலில் போனால்தான் மீன்கள் நன்றாகத் தெரியும். ஆனால் நான் டைவ் அடிக்கிறவன், அந்தக் காசில் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் பார்ப்பேன். 1998-லும் 2016-லும் வெப்பத்தால் வெளுத்துப் போன பவளப் பாறைகள் சில இடங்களில் மீண்டு வருவதைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

நெய்தல்வாசி

உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் எல்லோருக்கும் அது ஒத்து வராது. சின்னக் குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் வில்லா வாசலிலேயே ஆழமில்லாத கடல், கூப்பிட்டால் வரும் பக்கி வண்டி, தீவிலேயே மருத்துவர் என்பதெல்லாம் பெரிய நிம்மதி. நாங்கள் கொடுத்த காசு அந்த நிம்மதிக்குத்தான். அந்த நிம்மதியைச் சாப்பாட்டு மேஜையில் வந்து கெடுக்காதே என்பதுதான் நான் சொல்வது.

ஹாஃப் போர்டு விஷயம் எப்படி முடிந்தது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மறுநாள் உணவகங்களுக்கான மேனேஜரை நேரில் பார்த்து மெயிலை அச்சடித்த தாளோடு பேசினோம். குரலை உயர்த்தவில்லை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, மீதி நாள்களுக்கு எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். கையில் தாள் இல்லாமல் போயிருந்தால் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். கிளம்பும் நாள் கவுன்டரில் நின்று சண்டை போடுவதால் பயனே இல்லை, மாலே விமான நிலையத்துக்குக் கொண்டு போகும் கடல்விமானம் காத்திருக்காது.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். ஜூனில் போகலாம் என்று இருக்கிறோம், அப்போது விலை குறைவாக இருக்கிறது. அம்மாவும் வருகிறார், அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எங்கள் விமானம் மாலேவில் மாலை ஐந்து மணிக்கு இறங்குகிறது. கடல்விமானத் தீவா, ஸ்பீட்போட் தீவா? ஆல் இன்க்ளூசிவ் எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை

ஐந்து மணிக்கு இறங்கினால் கடல்விமானம் கிடைக்காது. அவை பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேவிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவிலோ ஒரு இரவு தங்க வேண்டி வரும், அது தனிச் செலவு. போய்வர ஒரு ஆளுக்கு சுமார் 400 முதல் 600 டாலர் கடல்விமானத்துக்கே ஆகும், பெட்டி 20 கிலோவுக்கு மேல் போனால் கூடுதல் காசு. வடக்கு மாலே அடோலிலோ தெற்கு மாலே அடோலிலோ ஸ்பீட்போட் தீவாகப் பாருங்கள், இரவிலும் கொண்டு போய் விடுவார்கள்.

அம்மா மது அருந்த மாட்டார் என்றால் ஆல் இன்க்ளூசிவ் அவருக்கு வீண். ஃபுல் போர்டு, அதாவது மூன்று வேளைச் சாப்பாடு, போதும். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு வேறு வேறு திட்டம் தருவார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் தர மாட்டார்கள்.

கறிவேப்பிலை

சப்ளை போட் பற்றி மேலே எழுதியிருப்பதைப் படித்தீர்கள்தானே, ஜூன் என்றால் அதுவும் பொருந்தும். அம்மாவுக்கு வேண்டிய பிஸ்கட், சத்துமாவு எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். மது பாட்டில் எதையும் எடுத்துப் போக வேண்டாம், விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள்.

சமையற்கட்டு

புதுவரவு, போவதற்கு ஒரு வாரம் முன்னால் ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்கள். ரிசர்வேஷனுக்கு மட்டும் போட்டால் அங்கேயே நிற்கும், எக்ஸிக்யூட்டிவ் செஃப்புக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். மூன்று விஷயம் எழுதினால் போதும். அம்மாவுக்குச் சர்க்கரை, இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் வேண்டும், அது தீவு நேரமா மாலே நேரமா என்பது. நீங்கள் போய்ச் சேரும் இரவு உணவகம் மூடியிருக்கலாம், அதனால் வில்லாவில் சூடாக ஏதாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வெறும் கஞ்சி என்றாலும் செய்வார்கள். பதில் யார் பெயரில் வருகிறதோ, இறங்கியதும் அவரைத்தான் முதலில் தேட வேண்டும். எந்த ரிசார்ட் என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், அங்கே நமக்குத் தெரிந்த பையன்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.